பெஞ்சில் உட்காரச் சொன்ன பட்டை

தம்பி,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் போனில் தினமும் கேட்டுவிடுகிறேன். அதற்காக இந்தக் கடிதம் இல்லை. போனில் நான் ஏதாவது ஆரம்பித்தாலே "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்பாய். அந்த அப்புறம் ஒரே ஒரு தடவை தவிர வந்ததில்லை. தனியாக எழுதி அனுப்பினால் பாதி படித்துவிட்டு ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டு முடித்துவிடுவாய் என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். ஆவணியில் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் உன்னிடம் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது. அது நீ கொண்டுவந்த தொடைப்பட்டையைப் பற்றியது, என் கபடிப் பிள்ளை செல்வியைப் பற்றியது. செல்வி என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. உன் கம்ப்யூட்டரில் தேடி யாரென்று கண்டுபிடிக்க உனக்கு அரை நிமிடம் போதும். தேடாதே.

நான் ஒரு சந்தேகப் பிராணி என்பது ஆனையூரில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். பூக்காரம்மா முழம் போடும்போது பூவைப் பார்க்க மாட்டேன், அவள் விரல் எங்கே மடங்குகிறது என்று பார்ப்பேன். மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டினால், இன்னொரு மீனை நானே எடுத்துத் தூக்கிப் பார்ப்பேன். "போலீஸ் வேலைக்குப் போக வேண்டியவ, பி.டி. டீச்சராப் போயிட்டா" என்று உன் அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்டவளிடம் நீ பெங்களூரிலிருந்து ஒரு பை நிறைய உங்கள் கம்பெனிப் பட்டைகளோடு வந்து, எங்கள் பள்ளிக் கபடிப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தருகிறோம் என்றாய். என் வாயில் முதலில் வந்தது, "சும்மா எதுக்குடா குடுக்குறான் உங்க ஆளு?" என்பதுதான். "எதுக்கெடுத்தாலும் சந்தேகமாம்மா உனக்கு?" என்று நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு பட்டையை எடுத்து விரித்துக் காட்டினாய்.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முட்டிவலிக்காரர்கள் போடுகிற உறை மாதிரி மெத்தென்று, உள்ளே ரப்பரில் மெல்லிய கோடுகளோடு. தொடையில் இழுத்து மாட்டிக்கொண்டால், தசை புடைக்கும்போது அந்தக் கோடுகள் நீளும், தளரும்போது சுருங்கும், அதை வைத்தே தசைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது, எவ்வளவு அசந்திருக்கிறது என்று தெரிந்துவிடும் என்றாய். பயிற்சிக்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் சுவரில் காலை ஊன்றி முழு பலத்தோடு தள்ள வேண்டும். அவளுடைய வழக்கமான பலத்தைவிடக் குறைந்தாலோ, ஆடும்போது தசை அசந்துபோனாலோ, கோச் கையிலிருக்கிற டேப் திரையில் அவள் பெயருக்கு நேராகச் சிவப்பு விழும். சிவப்பு விழுந்தவள் உட்கார வேண்டும். அசந்த தசையோடு ஆடினால் அது கிழியும், அப்படி நடக்காமல் காப்பாற்றத்தான் இது என்றாய். சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்: "இதை யாரு யாருடா பாப்பாங்க?" நான், கோச், ஆபீஸில் ஓரிரண்டு பேர் என்றாய். "பொம்பளப் பிள்ளைங்க தொடையில கட்டுறத ஆம்பளைங்க பெங்களூருல உக்காந்து பாக்குறீங்களாக்கும்" என்றேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். "தொடையப் பாக்கலம்மா, ஒரு கோட்டப் பாக்குறோம்." அதோடு விட்டுவிட்டு, நீ நீட்டிய சம்மதத் தாளை வாங்கினேன். கையெழுத்துப் போட்டேன், பிள்ளைகளின் வீடுகளிலும் பேசி வாங்கித் தந்தேன். டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர்களும் போட்டார்கள்.

எங்கள் மைதானம் உனக்குத் தெரியும். மதில் ஓரமாக ஒரு சிமெண்டு பெஞ்சு கிடக்கிறது, அதற்கு எதிரே கேட். பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிற அப்பாவும் மாமாவும் வண்டியை நிறுத்திவிட்டு அந்தக் கேட்டில் சாய்ந்துதான் நிற்பார்கள். கோச் நல்ல மனிதர், உங்கள் கம்பெனி சொன்னதை அப்படியே செய்தார். டேப்பைப் பார்ப்பார், பெயரைக் கூப்பிடுவார், "சிவப்பு, போய் உக்காரு" என்பார். மாதம் ஒருமுறை சில பிள்ளைகளுக்கு அந்தச் சிவப்பு தவறாமல் விழுந்தது. எல்லாருக்கும் அப்படி இல்லை, வலி அதிகமாக இருக்கிற பிள்ளைகளுக்கு. எனக்கு அது உடனே புரிந்துவிட்டது. அந்த நாட்களில் என்னிடம் வந்து "டீச்சர், வயிறு வலி" என்று முணுமுணுக்கிற பிள்ளைகள்தான் அவர்கள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பரவாயில்லையே, வாய் திறந்து கேட்காமலே ஓய்வு கிடைக்கிறதே என்று நினைத்தேன். ஊரையே சந்தேகப்படுகிறவள் அந்த ஒரு பெஞ்சை மட்டும் சந்தேகப்படவில்லை.

நீயும் அதைக் கண்டுபிடித்துவிட்டாய். ஒருநாள் போனில், "டேட்டால ஒரு பேட்டர்ன் வருதும்மா, பீரியட்ஸ்னு நினைக்கிறோம், ஆபீஸ்ல எல்லாரும் செம்ம சந்தோஷம்" என்றாய். பருப்பு விலை சொல்வதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். என் மகன் கூச்சமில்லாமல் அந்த வார்த்தையைச் சொல்கிறான் என்று ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம், ஓர் ஆபீஸே என் பிள்ளைகளின் அந்த நாட்களைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறதா என்று ஓர் உறுத்தல். அதை உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். "கரண்ட் போகப் போகுது, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டேன்.

மாசி மாதம் அது நடந்தது. அரசு விளையாட்டு விடுதிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க ஆட்கள் வந்திருந்தார்கள். செல்விதான் எங்கள் அணியில் பாடிப் போவதில் கெட்டிக்காரி. அவள் போய்த் தொடாமல் திரும்பியது அபூர்வம். அவளுக்கு விடுதியில் இடம் கிடைத்துவிட்டால் படிப்பு, சாப்பாடு, ஆட்டம் எல்லாம் அங்கேயே. வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற பேச்சும் நின்றுவிடும். அன்று காலை அவள் பெயருக்கு நேராக டேப்பில் பச்சைதான் இருந்தது, நானே பார்த்தேன். மூன்றாவது முறை பாடிப் போனவள், ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது பின்தொடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். வலியில் அவள் என் கையைக் கடித்தாள், தம்பி. தசை கிழிந்திருக்கிறது, பல மாதம் ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தேர்ந்தெடுக்க வந்தவர்கள் வேறு பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த தேர்வு வரைக்கும் கால் தேறினால் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதோடு சரி, அதற்குப் பிறகு வயது தாண்டிவிடும்.

அன்று சாயங்காலம் உனக்குப் போன் செய்து கத்தினேன். "காப்பாத்துறதுக்குத்தேன் இதுன்னு சொன்ன. பச்சையக் காட்டிக் கால ஒடிச்சிருச்சே!" நீ பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றாய், அந்த ஒருமுறை சொன்னபடி கூப்பிட்டாய். "அம்மா, அவ கால் அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. கோடு சுத்தமா இருக்கு. விழுந்த நேரத்துல பாத்தா சும்மா உக்காந்திருக்க மாதிரி காட்டுது, அதுதான் புரியல. கருவி தப்பாக் காட்டலம்மா." நான் நம்பவில்லை. கம்பெனியைக் காப்பாற்றுவதற்காகப் பெற்றவளிடமே பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். அதை நினைத்ததோடு நிற்காமல் உன்னிடம் சொல்லவும் செய்தேன். நீ போனை வைத்துவிட்டாய். செல்வியின் வைத்தியத்தையும் பிசியோவையும் கம்பெனி பார்த்துக்கொள்ளும், அதற்கு ஓர் அறிக்கை எழுத வேண்டும், அவளிடம் என்ன நடந்தது என்று கேட்டுச் சொல் என்று பிறகு செய்தி மட்டும் அனுப்பினாய். கேட்கத்தான் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், உன் பொய்யைப் பிடிக்கத்தான் போனேன்.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி உசிலம்பட்டி போய், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் அவள் ஊருக்குப் போனேன். செல்வி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பட்டை ஏதாவது இடம் மாறியிருந்ததா, நழுவியதா என்று நான் பட்டையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். செல்வி அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அழ ஆரம்பித்துவிட்டாள். "டீச்சர், அன்னைக்கு நான் கட்டியிருந்தது ஜெனியோடது. என்னோடத அவ கட்டியிருந்தா."

ஜெனி அவளுடைய கூட்டாளி, அந்தப் பெயரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வந்தது. அது குலசாமி கும்பிடு வாரம். செல்வி வீட்டில் எல்லாரும் காப்புக் கட்டி விரதம் இருந்தார்கள். அப்படி இருக்கும்போது வீட்டில் ஒரு பிள்ளைக்கு அந்த நாள் வந்துவிட்டால், கும்பிடு முடிகிற வரைக்கும் வேற்றூரில் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்பிவிட்டால் தேர்வுக்கு வர முடியாது. அதனால் அவள் வீட்டில் மறைத்துவிட்டாள். வீட்டில் மறைக்கலாம், பட்டையிடம் எப்படி மறைப்பது? அவளைக் கூட்டிப்போக வருகிற மாமா கேட்டில்தான் நிற்பார். "பெஞ்சுல உக்காந்தா மாமாவுக்குத் தெரிஞ்சுரும் டீச்சர். மாசத்துக்கு ஒருக்க நான் உக்காருறதக் கவனிச்சு, போன ரெண்டு மாசமும் அதப் பாத்துத்தேன் வீட்டுல சொன்னாரு. பெஞ்சுல இருந்து வந்த அன்னைக்கே எனக்குத் தனித்தட்டு வச்சிருவாங்க." ஜெனி வீட்டில் அந்த வழக்கமே கிடையாது, அவள் பெஞ்சில் உட்கார்ந்தால் கேட்க ஆளில்லை. "எங்க வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்கடி, நீ என்னோடத மாட்டிட்டு ஆடு, நான் உக்காந்துக்கிறேன்" என்று அவளே சொல்லியிருக்கிறாள். சிவப்பு சரியாகத்தான் விழுந்தது. ஜெனி பெயரில் விழுந்தது, ஜெனி போய் உட்கார்ந்தாள். அசந்த காலோடு செல்வி பாடப் போனாள். நீ சொன்ன அந்தச் சுத்தமான கோடு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெனியின் காலுடையது.

நீ பொய் சொல்லவில்லை. உன்னைச் சந்தேகப்பட்டதற்கு அம்மாவை மன்னித்துக்கொள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது மறுபடியும் உன்னைச் சந்தேகப்படப் போகிறேன். இதை உன்னிடம் சொன்னால் நீ உன் அறிக்கையில் என்ன எழுதுவாய்? கருவியில் பிழையில்லை, அந்தப் பெண் விதியை மீறிப் பட்டையை மாற்றிக்கொண்டாள் என்று எழுதலாம். அது உண்மையும்கூட. எழுதிய மறுநாளே உங்கள் கம்பெனி பிசியோவை நிறுத்திவிடும், அவள் கால் அரைகுறையாகத் தேறும், அடுத்த தேர்வு போய்விடும். சொல்லாமல் விட்டால்? நீங்கள் இதே பட்டையை மற்றப் பள்ளிகளுக்கும் கொண்டுபோகப் போகிறீர்கள், அங்கேயும் ஒரு பெஞ்சு இருக்கும், அங்கேயும் கேட்டில் ஒரு மாமா நிற்பார். எந்தப் பக்கம் போனாலும் ஒரு பிள்ளையின் கால். நான் பஸ்ஸில் வரும்போது இதையே நினைத்துக்கொண்டு இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

இப்போது என் கதையைக் கேள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் உன் அப்பா வீட்டிலும் இதே தனித்தட்டும் தனிப்பாயும்தான். பள்ளியில் விசில் ஊதிப் பிள்ளைகளை ஓடவைத்துவிட்டு வந்து, கொல்லைப்பக்கம் ஒதுங்கி உட்கார எனக்கு அவமானமாக இருந்தது. நான் சண்டை போடவில்லை. யாருக்கும் சொல்லாமல் இருந்துவிட்டேன். எப்போது வந்தது, எப்போது போனது என்று உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாமல் வைத்திருந்தேன். கொஞ்ச நாளில் அந்தத் தட்டுக்கு வேலையில்லாமல் போனது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். ஆனையூருக்குத் தனிக்குடித்தனம் வந்த பிறகு மறைக்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனால் பழக்கம் விடவில்லை. உனக்கு நினைவிருக்கிறதா, பீரோ மேலே செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்ததை நீ எடுத்து இது என்னம்மா என்று கேட்டாய். வண்டி துடைக்கிற பஞ்சு என்றேன். அதை நம்பி, நீ ஒன்றை எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் நிறுத்தியிருந்த அப்பாவின் ஸ்கூட்டரைப் பளபளவென்று துடைத்துக்கொண்டிருந்தாய். எதிர்வீட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் ஓடிவந்து பிடுங்கி உன் முதுகில் ஒன்று வைத்தேன். எதற்கு அடி வாங்கினோம் என்று தெரியாமல் நீ தேம்பித் தேம்பி அழுதாய். பிறகு நீ அதைப் பற்றி எதுவுமே கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அதனால் உனக்கு அந்த ஆங்கில வார்த்தை தெரியும், அது தசையில் எப்படிக் கோடு போடும் என்பதும் தெரியும். ஒரு வீட்டில் அது தெரிந்துவிட்டால் என்ன நடக்கும் என்பது மட்டும் தெரியாது. நம் வீட்டில் நீ அதைப் பார்த்ததே இல்லையே. எந்தப் பிள்ளை யாருக்குத் தெரியாமல் எதை வைத்திருக்கிறாள் என்று யோசிக்காமல், மைதானத்தின் நடுவே அதற்கு ஒரு விளக்குப் போட்டுவிட்டீர்கள். உங்கள் ஆபீஸில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்களே, அதில் ஒருத்தருக்குக்கூடவா இது தோன்றவில்லை? அங்கே பெண்களே வேலை பார்க்கவில்லையா, அல்லது அவர்களும் என்னைப் போலக் கரண்ட் போகப் போகிறது என்று போனை வைத்துவிட்டார்களா?

உனக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அந்தச் சிவப்பு அந்தப் பிள்ளையின் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி செய். அவள் சொன்னால் கோச்சுக்குத் தெரியட்டும், சொல்லாவிட்டால் வேண்டாம். ஓய்வு எடுப்பதற்கென்று தனியாக ஓர் இடம் வைக்காதீர்கள். தண்ணீர் கொண்டுவருகிறவள், எல்லைக்கோட்டைப் பார்க்கிறவள் என்று ஏதாவது ஒரு வேலையில் அவளும் மைதானத்துக்குள்ளேயே இருக்கட்டும். அறிக்கையில் செல்வி மாற்றிக்கொண்டாள் என்று எழுதுவாயானால், ஏன் மாற்றிக்கொண்டாள் என்பதையும் அதே வரியில் எழுது. அவள் கால் தேறுகிற வரைக்கும் பிசியோ நிற்கக் கூடாது. உன்னால் முடியாது என்றால் இப்போதே சொல், நான் பிள்ளைகளின் வீடு வீடாகப் போய் வாங்கித் தந்த கையெழுத்தை வீடு வீடாகப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறேன். அப்புறம், வரப்போகிற மருமகளைப் பற்றி ஒன்று. அவள் சொன்னால் கேட்டுக்கொள், சொல்லாவிட்டால் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்காதே. உன் பட்டையை அவள் பக்கம் கொண்டுபோகாதே. இதைச் சொல்ல எனக்கு இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எழுதட்டுமா என்று செல்வியிடம் அன்றே கேட்டேன். "பேரை மட்டும் மாத்திருங்க டீச்சர். மத்தபடி எழுதுங்க" என்றாள். அவள் அம்மாவைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. காப்புக் கட்டிய வீட்டில் மகள் மறைத்திருக்கிறாள் என்பது அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. கத்துவாள், மகளை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உரித்த அவரையை முறத்தில் அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து, மகளின் காலுக்கடியில் நழுவியிருந்த தலையணையைச் சரிசெய்தாள். "மாமங்கிட்ட நான் பேசிக்கிறேன், நீ அழுகாத" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். பட்டை கொண்டுவந்த பையன் என் மகன் என்பது அவளுக்குத் தெரியாது.

"ஏன் டீச்சர், இதச் செஞ்ச அந்தத் தம்பி நல்லாப் படிச்சவருதானே? செவப்பு போட்டு உக்கார வச்சா பொம்பளப் பிள்ளைக்கு வீட்டுல என்ன ஆகும்னு அவருக்குத் தெரியாதா? பெத்தவ இதையெல்லாம் சொல்லி வளக்கலையா?"

"நாந்தான் அவனைப் பெத்தவ" என்றேன்.

அவள் திட்டவில்லை. "அப்படின்னா இப்பவாச்சும் சொல்லிருங்க டீச்சர்" என்றாள்.

சொல்லிவிட்டேன், தம்பி.

உன் அம்மா